கேட்டவர்களோடு போன கதை

சாயங்காலம் சூப்பர்வைசர் சரிபார்க்க வரும்போது அவளுடைய டிரே எப்போதும் நிறைந்திருக்கும். அதில் அவள் சுற்றிய கம்பிச் சுருள், நாங்கள் காயில் என்போம், பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் நாங்கள் போட்டது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அவள் டிரேவில் வைத்துவிடுவோம். பதிலுக்கு அவள் எங்களுக்குக் கதை சொல்லுவாள். இதை யாரும் கூடிப் பேசி ஏற்படுத்தவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பக்கத்தில் இருந்த தேவகி என் தட்டிலிருந்தும் காயிலை எடுத்து அங்கே வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "கதை கேக்கறல்ல?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் செய்கிற கம்பெனி அது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே போனேன். தலைமயிர் கனத்தில் செம்புக் கம்பி வரும். கைப்பிடியைச் சுழற்றி அதை அச்சில் ஒழுங்காகச் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ண மிஷினிலேயே மீட்டர் இருந்தது. கைக்கும் கண்ணுக்கும் வேலை, காது சும்மா கிடந்தது. சும்மா கிடந்த காதையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டாள்.

குள்ளமாக, கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, வேகுவேகென்று நடந்து வருவாள். தாலிச் செயினில் எந்நேரமும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். கதை சூடு பிடிக்கும்போது ஒரு ஊக்கைக் கழற்றித் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடுவாள். அந்தச் சத்தம் நின்றால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். எங்கள் கைகளும் தயங்கும், கம்பி பட்டென்று அறுந்துபோகும்.

சூப்பர்வைசர் நல்லவர்தான். அவருக்கும் கதை பிடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும், காட்டிக்கொள்ள மாட்டார். ஒருநாள் அவளிடம் வந்து நின்று சொன்னார். "இன்னாம்மா இது, உன் கதையில எவனாச்சும் செத்தா இங்க கம்பி அறுந்து போவுது. டீ டைம் வரிக்கும் யாரையும் சாவடிக்காத."

அன்று முதல் அவள் கதையில் சாவெல்லாம் டீக்கு அப்புறம்தான்.

சில்லறைக் கதைகள் நிறையச் சொல்லுவாள். ஆனால் பெரிய கதை என்று ஒன்று வைத்திருந்தாள். அதை எழுதி நாவலாக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. வேறு ஒன்றுக்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒன்பதாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கையில் கிடைக்கிற வாரப் பத்திரிகையை விளம்பரம் உட்பட விடாமல் படிப்பாள். "எய்தத்தான்டி போறேன், பாத்துகினே இரு" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவாள்.

அந்தக் கதை இதுதான். ராணி என்று ஒரு பெண். அவள் அக்கா கஸ்தூரிக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கிறது. சேருவதற்கு முந்தின வாரம் அக்கா காய்ச்சலில் செத்துப்போகிறாள். வீட்டில் சோற்றுக்கு வழியில்லை. ராணி அக்காவின் பேரிலேயே வேலைக்குப் போகிறாள். கம்பெனியில் எல்லோரும் கஸ்தூரி, கஸ்தூரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாளாக ஆக, தெருவில் யாராவது ராணி என்று அழைத்தால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் பேர் தன்னை விட்டுப் போவது அவளுக்கே தெரிகிறது.

இதை நான் இப்படி நாலு வரியில் சொல்லிவிட்டேன். அவள் சொன்னால் ராணி முதன்முதலாக அக்காவின் புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் காட்சிக்கே ஒரு மதியம் ஆகும். மும்தாஜ் என்று எங்கள் மேஜையில் ஒரு பெண், பூந்தமல்லியிலிருந்து வருவாள், லேசில் அழமாட்டாள். அந்தப் புடவையின் முந்தானையில் அக்கா முடிந்து வைத்திருந்த ரயில் டிக்கெட் ராணி கையில் கிடைக்கிற இடத்தில் மும்தாஜ் மிஷினை நிறுத்திவிட்டு பாத்ரூமுக்குப் போய்விட்டாள்.

கதைக்கு முடிவு மட்டும் ஒன்றாக இருந்ததில்லை. தேவகி மாசமாக இருந்தபோது ராணிக்குப் பெண் குழந்தை பிறந்து, அதற்குக் கஸ்தூரி என்று பேர் வைத்து, தன் பேரைத் தான் திரும்ப எடுத்துக்கொண்டாள். மேஜையில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, ராணியைப் பெண் பார்க்க வந்தவன், "எனக்கு உங்க நெசப் பேருதான் புடிச்சிகீது" என்றான். யாராவது முதலாளி மேல் கோபமாக இருந்தால் ராணி கம்பெனி வாசலில் நின்று சத்தமாகத் தன் பேரைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் முடிவைத் தேடுவாள். அதற்காக ஜோடிக்கிறாள் என்று தோன்றவே தோன்றாது. ஒவ்வொரு தடவையும் இதுதான் நிஜமான முடிவு, போன தடவை கேட்டது தப்பு என்று நினைத்துக்கொள்வோம்.

எழுதக்கூடாது என்று யாரும் அவளைத் தடுக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புருஷன் கொடுமை, மாமியார் கொடுமை என்று இப்போது அவளைப் பற்றிக் கேட்கிறவர்கள் தாமாகவே ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அவள் புருஷன் ஆவடியில் ஒரு கான்டீனில் வேலை பார்த்தார். தங்கமான மனுஷன். இவளுக்காகப் பழைய சாமான் கடையில் மேஜை வாங்கிப் போட்டு, விளக்கு மாட்டி, பிள்ளைகளை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினவர். ஒருநாள் ஸ்டேஷனில் என்னைப் பார்த்துப் புலம்பினார்.

"கதவ மூடிகினு நிம்மதியா எய்துன்னு சொன்னேம்மா. கொஞ்ச நேரத்துல கதவத் தொறந்துகினு வந்து, யாருனா எதுர்ல வந்து குந்துங்கன்றா. பெரியவ போய்க் குந்துனா. அது தூங்கிடுச்சி. இவ பேனாவ மூடி வெச்சிட்டா. நான் போய்க் குந்தலாம்னா, எனக்குக் கதையெல்லாம் அவ்ளோவா ஏறாது. அவ மூஞ்சிதான் சின்னதாப் பூடும்."

மும்தாஜின் அண்ணன் துபாயிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தபோது, சரி, இதிலாவது பிடித்துவிடலாம் என்று மேஜையில் கொண்டுவந்து வைத்தோம். சிவப்பு விளக்கு எரிந்ததும் அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, வயலும் உரமும் பற்றிப் பேசுகிற ரேடியோக்காரர் மாதிரி, "அதாவது, ராணி என்பவள்..." என்று ஆரம்பித்தாள். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். "இத்த எடுத்துடு. இது கேக்கறா மாரியே இல்ல" என்றாள்.

பிறகுதான் அந்தப் போட்டி வந்தது. ஒரு வாரப் பத்திரிகை, புது எழுத்தாளர்களுக்கென்று நாவல் போட்டி அறிவித்திருந்தது. தீபாவளிக்குள் அனுப்ப வேண்டும். அறிவிப்பைக் கத்தரித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினாள். 

அன்றைக்குத் தேவகிதான் அந்த யோசனையைச் சொன்னாள். "அக்கா வாயாலயே எல்லாத்தையும் எறச்சிடுது. அதான் பேப்பருக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. புரட்டாசிக்குக் கவுச்சி வுட்றோம்ல, அதே மாரி இந்த மாசம் கதையும் வுட்டுடலாம். யாரும் கேக்கக் கூடாது, அக்காவும் சொல்லக் கூடாது."

எல்லோருக்கும் அது அபாரமான யோசனையாகப் பட்டது. மும்தாஜ் தனக்கு இது நோன்பு மாதிரி என்று சொல்லிச் சேர்ந்துகொண்டாள். நானும்தான் தலையாட்டினேன். காயில் போடுவதை மட்டும் நிறுத்த வேண்டாம், அக்கா யோசிக்கட்டும், ஒரு நோட்டையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு.

புரட்டாசி முழுக்க எங்கள் மேஜையில் மிஷின் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் டிரே தன்பாட்டில் நிறைந்தது. அவள் ஊக்கைத் திறந்து மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் தூக்கி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நாங்கள் விரதக்காரர்கள், சட்டென்று குனிந்துகொள்வோம். எவ்வளவு பெரிய உபகாரம் செய்கிறோம் என்று எங்களுக்குப் பெருமை வேறு. சூப்பர்வைசர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இப்படி உம்முனு கீறீங்க? யார்னா செத்துட்டாங்களா?" என்று நிஜமாகவே விசாரித்தார்.

மாசக் கடைசியில் எழுதினதைக் காட்டச் சொன்னேன். இரண்டு பக்கம் இருந்தது. அழகான கையெழுத்து. "காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிய வேளையில் வனப்பு மிக்க நங்கை ராணி" என்று ஆரம்பம். வாக்கியங்கள் எல்லாம் போட்டோவுக்கு நிறுத்தி வைத்த பிள்ளைகள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். நோட்டை வாங்கி மூடிக்கொண்டாள். "நல்லாலல்ல?" என்றாள். 

அப்புறமும் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் ஒரு திங்கட்கிழமை மும்தாஜ் வீங்கின கண்ணோடு வேலைக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பேசி முடித்திருந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.  கம்பி நாலு தடவை அறுந்தது. ஐந்தாவது தடவை அறுந்தபோது அவள் அதை ஒட்டாமல் வெறுமனே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊக்கைத் திறக்கும் சத்தம் கேட்டது. "ராணிக்கு ஒருத்தன் இருந்தான் தெரியுமா? உங்க யாருக்கும் நான் இத்தச் சொன்னதில்ல" என்று ஆரம்பித்தாள் அவள்.

தேவகி, "அக்கா, போட்டி..." என்றாள். அவள் காதிலேயே வாங்கவில்லை. அன்று முழுக்கச் சொன்னாள். டீக்கு மணியடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவன் பிறகு வருத்தப்பட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்று ராணி, ராணி என்று கூப்பிடுகிறான். அவள் உள்ளே இருந்து, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே" என்கிறாள். மும்தாஜ் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். அப்படி ஒரு கதையை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. சொல்லி முடித்தவள் முகம் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

நாவல் போட்டிக்குப் போகவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, "இதை எழுதியிருந்தா ஊரே படிச்சிருக்கும்க்கா" என்றேன்.

"படிக்கும். மும்தாஜு படிக்குமா? இன்னிக்கி படிக்குமா?" என்றாள். 

அவளைப் பார்த்துத்தான் எனக்கும் எழுதுகிற பைத்தியம் பிடித்தது. ஆனால் நான் வேறு ஜாதி. வாயே திறக்க மாட்டேன். எழுதப்போகிற கதையை என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பொத்திப் பொத்தி வைத்து எழுதி அனுப்பினேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் முதல் கதை பத்திரிகையில் வந்தது. மேஜையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். அவள் கதையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். பொறாமை என்பது அவள் முகத்தில் மருந்துக்கும் இல்லை. கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

"நல்லாக்கீதுடி. ஆனா இத்த யாருக்குச் சொன்ன?"

"யாருக்கும் சொல்லலக்கா. எழுதினேன்."

"அது தெரியுது. யாரை நெனச்சிகினு சொன்ன?"

 அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டாள்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. வெகுநாளாகவே இருந்தது, அது வளர்ந்துகொண்டு வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டத்தில் ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார்கள். செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. சில பேருக்கு அப்படி ஆகும், குரலுக்குப் போகிற நரம்பு பலவீனமாகிவிட்டது, போகப் போக வந்தாலும் வரலாம் என்றார்களாம். வரவில்லை. பேசினால் காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் காதை வைத்தால்தான் ஏதோ கேட்கும். மிஷின்கள் ஓடுகிற இடத்தில் அதுவும் கேட்காது.

திரும்ப வேலைக்கு வந்தாள். நாங்கள் வழக்கம்போல அவள் டிரேவில் காயில் போட்டோம். அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவரவர் தட்டிலேயே திருப்பி வைத்தாள். தேவகி மறுபடி வைத்தாள். அவள் மறுபடி எடுத்தாள். பிறகு குனிந்து சுற்ற ஆரம்பித்தாள். அவள் கை எங்கள் எல்லோர் கையையும்விட வேகம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானத்துக்குள் டிரே நிறைந்துவிட்டது.  சில மாதங்களில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

நானும் கல்யாணமாகி சென்னீர்குப்பம் போனேன். குழந்தை, சமையல், மாமனார் வைத்தியம் என்று நாள் ஓடியது. முதலில் சில கதைகள் எழுதினேன், பிறகு அதுவும் நின்றது. நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்த நாளிலும் வெறும் பேப்பருக்கு எதிரே உட்கார்ந்து எழுந்ததுதான் நிஜம்.

அவளைக் கடைசியாகப் பார்க்கப் போனது அப்போதுதான். ஒரு மார்கழி மாதம், மத்தியான நேரம். அதற்கடுத்த வருஷம் அவள் போய்விட்டாள். எனக்குச் சொல்லி அனுப்பக்கூட அவர்களிடம் என் விலாசம் இல்லை.

போகும்போது ஒரு கட்டு வெள்ளைத்தாளும் நல்ல பேனாவும் வாங்கிப் போனேன். வாய்தான் இல்லையே, இனிமேலாவது எழுதித்தானே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதில் ஆசையும் இருந்தது. இன்னும் அந்த நாவல் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

அவள் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பேசுவதற்காகச் சின்ன மகளின் பழைய சிலேட்டை வைத்திருந்தாள். எழுதிக் காட்டுவாள், நான் படித்ததும் முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்ததை எழுதுவாள். என் குழந்தை பேர், மாமனார் உடம்பு, மும்தாஜின் இரண்டாவது பையன் என்று வரிசையாக விசாரித்தாள். பிறகு, "எய்தறியா?" என்று எழுதினாள்.

"இல்லக்கா. ஒண்ணும் வரல. ரெண்டு வருஷமாச்சு. நான் எழுதறவதானான்னே சந்தேகமா இருக்கு" என்றேன். வேறு யாரிடமும் இதை நான் ஒப்புக்கொண்டதில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். சிலேட்டைத் துடைத்தாள். பலப்பத்தை எடுத்து, "ராணிக்கு இப்ப வயசாயிடுச்சி" என்று எழுதினாள்.

நான் அவசரமாகத் தாள் கட்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். "இதுல எழுதுக்கா. இதுல எழுது, அழியாது." அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு சிலேட்டில் எழுதிக் காட்டினாள். "அதுல எய்தினா நீ எடுத்துகினு ஊட்டுக்குப் பூடுவ."

பிறகு எழுதினாள். சிலேட்டில் மூன்று, நாலு வரிதான் பிடிக்கும். எழுதுவாள், என் பக்கம் திருப்புவாள், நான் படிக்கும்போது என் முகத்தைப் படிப்பாள், துடைப்பாள், எழுதுவாள். காலைக் கதிரவன் இல்லை, வனப்பு மிக்க நங்கை இல்லை. அவள் பேச்சு அப்படியே எழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கதை எழுதிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் நாங்கள் எல்லோரும் தவம் கிடந்ததை என் கண்ணெதிரே எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துடைப்புக்கும் எனக்கு அவள் கையைப் பிடித்துவிடலாம் போல இருந்தது. பிடித்தால் கதை நின்றுவிடும். அடுத்த வரி வேண்டுமென்றால் இந்த வரி போக வேண்டும். நான் படித்துக்கொண்டே இருந்தேன்.

ராணி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். மாலை போட்டு, கஸ்தூரியம்மா என்று எல்லோரும் புகழ்ந்து அனுப்புகிறார்கள். அவளை ராணி என்று தெரிந்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. வீட்டுக்கு வருகிறாள். பூட்டைத் திறக்காமல் வாசலிலேயே நின்று, ராணி, ராணி என்று தானே கூப்பிடுகிறாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், அங்கிருந்து பதில் சொல்லுகிறாள்.

கதையில் நடந்தது இதுதான், ஆனால் அவள் எழுதின விதம் இப்படி இல்லை. உள்ளே இருந்து ராணி என்ன பதில் சொன்னாள் என்பது ஒரே ஒரு வரி. வீட்டுக்குத் திரும்பி வந்து நான் மறுபடி எழுத ஆரம்பித்தது அந்த வரியால்தான். அதை மட்டும் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், அவள் வார்த்தை கிடைக்கவில்லை.

அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுதேன். அழுது முடிக்கிறவரை சிலேட்டை என் பக்கமே திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, "சோறு போடட்டா?" என்று எழுதினாள்.